ஏதாவது போட்டிருக்கியளா?

போன மாதம் பாப்பாவுக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பாப்பா. துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே பெரியவன். பெரியவன் என்று பேர்தான்... அவனுக்கே இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

ஊசி போட்ட நர்ஸ் அக்கா, பாப்பாவின் தொடையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கேட்டார்.

"ஏதாவது போட்டிருக்கியளா?"

பாப்பாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "டயப்பர்தான் போட்டிருக்கேன்," என்றேன்.

பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைக் கேட்பாரோ, பாவம்.

"உங்களுக்கும்மா. அடுத்தது தங்காம இருக்கதுக்கு."

"மாத்திரை போடுறேன்."

"தெனமும் ஒரே நேரத்துக்குப் போடுதியளா?"

"ம்."

அந்த 'ம்'மை நர்ஸ் நம்பினாரா தெரியாது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல் தட்டில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். காலியாகியிருக்க வேண்டிய குழிகளில் பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே இருந்தது.

போனில் அலாரம் வைத்திருந்தேன். அது ஒழுங்காகத்தான் அடிக்கும். அடிக்கிற நேரத்தில் என் ஒரு கையில் பால் புட்டி இருக்கும், மறு கையில் பெரியவன் வாயிலிருந்து பிடுங்கிய செருப்பு இருக்கும். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அலாரத்தை அணைப்பேன். அந்த 'அப்புறம்' வருவதற்குள் மறுநாள் அலாரம் அடித்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். பெரியவனுக்குப் பத்து மாதம் இருக்கும்போதே பாப்பா உண்டாகிவிட்டாள். தாய்ப்பால் கொடுக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் நம்பியிருந்தேன். நான் மட்டுமா? எங்கள் தெருவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் முதல் ஆறு மாதத்துக்குத்தான்... அதுவும் வேறு எந்த ஆகாரமும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் என்று டாக்டரம்மா சொன்னபோது, எனக்கு இரண்டாவது மாதம்.

இரண்டுமே சிசேரியன். இடைவெளி ரொம்பக் குறைவு. பாப்பா பிறந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போதைக்கு இன்னொண்ணு கூடவே கூடாது. தையல் தாங்காது. ஞாபகம் இருக்கட்டும்," என்றார். பிரசவத்தின்போதே காப்பர்-டி வைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். யாரோ சொன்ன கதை, எங்கேயோ வலிக்குமாம், எங்கேயோ போய்விடுமாம்... அந்தப் பயம். அதனால்தான் மாத்திரை.

தடுப்பூசி போட்டுவந்த அதே வாரம் மாமி அடுக்களையில் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வாசலில் கால் வைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது.

மாமி என்றால் என் கணவரின் அம்மா. எங்கள் கடற்கரைப் பக்கம் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பை அணைத்தார்.

பாப்பாவுக்குப் பால் பத்தாமல் பாதி புட்டிப்பால். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. வராததால் தள்ளிப்போயிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் ஒரே வழி.

கணவர் ஜெரால்டு துறைமுகத்தில் டக் போட்டில் இன்ஜின் டிரைவர். பெரிய கப்பல்களை இழுத்து வந்து பெர்த்தில் சேர்க்கிற வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, மெடிக்கலுக்கு அனுப்பினேன். போனவர் கிரைப் வாட்டரோடு வந்தார்.

"இது எதுக்கு?"

"கடையில சர்ச் கமிட்டி ஆளுங்க ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடி அண்ணாச்சிகிட்ட எப்படிக் கேக்க?"

"வீட்டுல ஏற்கெனவே கிரைப் வாட்டர் இருக்கு."

"தெரியும்."

முப்பதாயிரம் டன் நிலக்கரிக் கப்பலை இழுக்கிற மனிதர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நானே போனேன். அண்ணாச்சி அந்தச் சின்ன அட்டைப்பெட்டியைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கவரை முடிச்சும் போட்டுக் கொடுத்தார். "காலையில எந்திச்சதும் பாக்கணும்மா," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கோடு தெரிய ஆகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மனசு எங்கெல்லாம் போகிறது... மூன்றாவதாக ஒன்று வந்தால் அதுவும் என் பிள்ளைதான். வேண்டாம் என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியுமா? முடியாது. ஆனால் இந்த உடம்பு தாங்குமா? படி ஏறினால் இன்னும் அடிவயிற்றில் தையல் சுண்டி இழுக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வெளியே அழுகிற இரண்டு பேரை யார் பார்ப்பது?

ஒரு கோடு. ஒரே ஒரு கோடுதான்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனாலும் வெளியே கேட்டுவிட்டது.

"என்ன ஆச்சு? கதவைத் திற."

"ஒரு கோடுதான்."

"ஒரு கோடுன்னா?"

"இல்லன்னு அர்த்தம்."

"அப்ப எதுக்கு அழுத?"

"தெரியல. அசதியா இருக்கு."

நான் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் பெரியவனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போயிருந்தார். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்த மனிதர். தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஆறுமுகநேரியிலிருந்து அம்மா போனில், "வயித்தைத் திறந்தப்பவே ஒரேயடியா ஆபரேஷனும் பண்ணியிருக்கணும். நான் அப்பவே சொன்னேன்," என்றாள். அப்போது சொல்லவில்லை. இருந்தாலும் வாதாட எனக்குத் தெம்பில்லை.

மாமியிடம்தான் பயந்தேன். நாள் தவறாமல் பூசைக்குப் போகிறவர். கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் நடந்த வகுப்பில் நாள் கணக்குப் பார்க்கும் முறையை மட்டும்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏளா, ஒனக்கு எது தோதோ அதைச் செய்யி. பங்குச் சாமியார் கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "அவரு போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டா என்ன மாமி? ஆம்பளைகளுக்கு ரொம்பச் சின்னதுன்னு சொல்லுதாங்க."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"அவனா? வடம் இழுக்கிற ஒடம்புளா அது."

கப்பல் வடத்தை இழுப்பது இன்ஜின் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். என் உடம்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். தெருவில் போகிறவர்கூடச் சொல்லலாம். ஜெரால்டின் உடம்பு மட்டும் துறைமுகம் மாதிரி. பாஸ் இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது.

இருவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி. கையில் தோலுக்கு அடியில் வைக்கிற குச்சி. காப்பர்-டி. ஆணுறை. அப்புறம் என்னிடம் கேட்டார்.

"இதுல எதை நீங்க மறக்காம செய்வீங்க?"

"எதையுமே மறக்காம செய்ய முடியாது டாக்டர்."

"அப்போ, நீங்க மறந்தாலும் வேலை செய்யற மாதிரி ஒண்ணு வேணும்."

இத்தனை நாளில் என்னைக் குறை சொல்லாமல் ஒருவர் பேசியது அப்போதுதான். பிறகு அவர் ஜெரால்டு பக்கம் திரும்பினார். "இனி குழந்தை வேண்டாம்னு ரெண்டு பேரும் உறுதியா இருந்தா, நீங்க ஆபரேஷன் பண்ணிக்கறதுதான் சுலபம். தையல்கூடக் கிடையாது. அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். சில நாள் கனமா எதுவும் தூக்காம இருந்தா போதும்."

ஜெரால்டு மின்விசிறியைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுதேன் டாக்டர்."

யோசித்தார். ஒரு கப்பல் வந்தது, போனது. பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தது, போனது. அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அதுவரை நாங்கள் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகளையும் நடுவில் போட்டு, ஆளுக்கொரு ஓரத்தில் படுத்தோம். அதைவிடப் பாதுகாப்பான முறை உலகத்தில் இல்லை. ஆனால் எத்தனை நாளைக்கு?

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியவரிடம் நேராகவே கேட்டேன். "யோசிச்சாச்சா?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"பயமா இருக்கு," என்றார்.

"எதுக்கு?"

"கத்தின்னாலே பயம். சின்ன வயசுலருந்தே. வேற ஒண்ணும் இல்ல."

ஆண்மை போய்விடும், ஊர் சிரிக்கும் என்றெல்லாம் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்கு வேண்டிய வசனங்களை ஒரு வாரமாக மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்தேன். பயம் என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

"நான் ரெண்டு தடவை படுத்து எந்திச்சிருக்கேன்," என்றேன். குரலை உயர்த்தவில்லை.

"தெரியும்."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"தெரியும்," என்றார் மறுபடியும். தலை குனிந்திருந்தது.

மறுநாள் நானே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, காப்பர்-டி என்று சொல்லிவிட்டேன். தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னால் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்னொரு முறை அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. ஒரு வீட்டில் யாரால் தள்ளிப்போட முடியாதோ, முடிவு அவர்கள் தலையில்தான் வந்து விழுகிறது. கருத்தடை மட்டும் இல்லை... கேஸ் புக் பண்ணுவதிலிருந்து எல்லாமே அப்படித்தானே? தள்ளிப்போட முடிகிறவர்கள் நல்லவர்களாகவே இருந்துகொண்டு தள்ளிப்போடுகிறார்கள்.

வைக்கும் முன் டாக்டரம்மா மறுபடியும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டார். வலித்தது. பிரசவ வலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பிரசவ வலியோடு ஒப்பிட்டுச் சின்னதாக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. வலித்தது என்றால் வலித்ததுதான். முதல் சில மாதங்களுக்கு உதிரப்போக்கு கூடுதலாக இருக்கலாம், ரொம்ப அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வராந்தா முழுக்கப் பெண்கள். நடுவில் ஜெரால்டு மட்டும் ஆண். தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவனைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தார். சட்டையில் பாப்பா கக்கிய பால். நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து வருவதைப் பார்த்து எழுந்தார்.

ஆட்டோவில் ஏறினோம். உப்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம், "அண்ணே, மெதுவா," என்றார்.

"வலிக்கா?"

"வலிக்கு."

ரயில்வே கேட் போட்டிருந்தது. ஆட்டோ நின்றது. ஜெரால்டு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"இது எத்தனை வருசத்துக்கு?"

"பத்து வருசம்னாங்க. நடுவுல எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்."

"அவ்வளவு நாள் வேண்டாம். சின்னவ ஸ்கூலுக்குப் போகட்டும். எடுத்துருவோம். அப்புறம் நான் போறேன்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. பயத்தோடுதான் சொன்னார்.

"எழுதித் தருவியளா?"

"இதையெல்லாம் எவனாவது எழுதித் தருவானா?" என்றார்.

அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.