ஐந்து தரம் குடித்த பால்

போன வாரம் யட்டவத்த போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தாய். கைக்குழந்தை பசியில் கத்துகிறது. அந்தப் பெண் பால்மா டின்னை மடியில் இடுக்கிக்கொண்டு, எத்தனை கரண்டி போடுவது என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள். டின்னைத் திறந்ததும் அந்த வாசம் என் மூக்கில் ஏறியது. எனக்கு ஆயுளுக்கும் பிடிக்காத வாசம் அது. அதற்கு ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள்.

நான் இரண்டு மாதப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி, பல்லேபொலயில் ஒருவருடைய மிளகுக் காணியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மிளகைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பால்மா கரைத்துக் கொடுத்தாராம், நான் துப்பிவிட்டேனாம். பகல் முழுக்க நான் கத்தியதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல், பக்கத்து வீட்டு உம்மா வேலியைத் தாண்டி வந்தார். அவருடைய மகள் பரீதாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

"கொண்டாங்க புள்ளய. நீங்க போய் ஒங்கட வேலயப் பாருங்க" என்று என்னை வாங்கிக்கொண்டு போனாராம்.

அம்மா வீடு திரும்பப் பன்னிரண்டு நாள் ஆனது. வந்த அன்றே உம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கச்சி, கோவிக்க வாணாம். அஞ்சு தரத்துக்கு மேல என்ட பால் குடிச்சிட்டான். இனி இவன் என்ட புள்ள. எங்கட ஆக்களுக்கும் சொல்லிட்டேன்."

அம்மா அதைப் பாசத்தில் சொன்ன பேச்சு என்றே எடுத்துக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டு, சந்தோசப்பட்டு, மறந்தும் போனார்.

பிறகு என்னை வளர்த்தது மூன்று வீடு. கண்பட்டுவிடும் என்று அம்மா கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார். யாராவது "கொழுத்த புள்ள" என்று சொன்னால் உம்மா விடமாட்டார், மாஷா அல்லாஹ் சொல்ல வைத்த பிறகுதான் அவர்களை நகர விடுவார். எதிர்வீட்டுச் சிங்கள அம்மாவோ வெனிவல் கொடி அவித்த தண்ணீரில் குளிப்பாட்டினால்தான் உடம்புக்கு நல்லது என்று வாளியோடு வந்துவிடுவார். இத்தனை காவல் இருந்தும் கணக்குப் பாடத்தில் நான் முட்டை வாங்கியதற்கு யாரைக் குறை சொல்ல?

எனக்கும் பரீதாவுக்கும் எட்டு வயதிருக்கும். ஒரு நாள் ரம்புட்டானுக்காக முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, நம் வீடுகளில் சொல்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பவே புருசன் பொண்டாட்டி மாதிரி அடிச்சிக்கிறாங்க. பேசாம கட்டி வச்சிருவோமாங்க?"

உம்மாவின் முகம் செத்துவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்! கூடப் பொறந்ததுகள வச்சி என்ன பேச்சு இது?"

அவர்கள் மார்க்கத்தில், ஒரு பெண்ணிடம் ஐந்து தரம் பசியாறக் குடித்த பிள்ளை அவளுக்கே பிள்ளை. அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. பிற்காலத்தில் தெரியாமல் கல்யாணம் பேசிவிடக் கூடாதென்றுதான் ஊருக்குச் சொல்லி வைப்பது. அம்மாவுக்கு அது அன்றுதான் விளங்கியது. உம்மா இரண்டு நாள் வேலிப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே போய், "தெரியாமச் சொல்லிட்டேங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பரீதா, மூன்று மாதம் மூத்தவள் என்ற உரிமையில், அக்காவுக்கு அவர்கள் சொல்லும் 'ராத்தா' என்று என்னைக் கூப்பிடச் சொல்லி அதட்டத் தொடங்கினாள்.

மீசை முளைத்த பையன்கள் முற்றத்துக்கு வந்தால் உம்மா முக்காட்டை இழுத்துவிடுவார். என் தம்பிக்கும் அதேதான். எனக்கு மட்டும் கிடையாது. தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் பொறந்தப்ப ஒனக்கு ஏம்மா காய்ச்சல் வரல?" என்று அம்மாவிடம் சண்டை பிடித்தான்.

உம்மா மௌத்தான செய்தி வந்தபோது நான் லக்கலயில் வேலையில் இருந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். முகத்தை மட்டும் மூடவில்லை. அதை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. அறை வாசலில் நான் அறியாத ஒரு பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, பொம்பள மையத்து. சொந்த ஆம்புளைகள் மட்டும்தான் பாக்கலாம்."

அவர் சொன்னது சரிதான். நெற்றியில் திருநீற்றோடு, நரைத்த தலையோடு, 'நான் இவரிடம் பால் குடித்தவன்' என்று எந்த வாயால் சொல்வேன்? வெட்கமும் துக்கமுமாகப் பின்வாங்கினேன். அப்போது உள்ளேயிருந்து பரீதாவின் குரல் கேட்டது.

"அவன விடுங்க! உம்மாட பால் குடிச்ச புள்ள. என்ட தம்பி."

பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தன தரம்?"

"அஞ்சுக்கு மேல. உம்மா எல்லாருக்கும் சொல்லித்தான் வச்சிருக்கா."

அவர் விலகி வழிவிட்டார். நான் முகத்தைப் பார்த்தேன். வாய்விட்டு அழுதேன். ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பரீதா இப்போது மகனோடு புத்தளத்தில் இருக்கிறாள். வேலி இருந்த இடத்தில் மதில் வந்துவிட்டது. அந்த வீட்டில் உம்மாவின் இன்னொரு பேரனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். நான் போனால் கதிரை போட்டு, தட்டில் பிஸ்கட் வைத்து, "உள்ளுக்கு வாங்க" என்று அத்தனை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். உம்மா இருந்தவரைக்கும் அந்த வீட்டில் என்னை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதே இல்லை.