கல்யாணக் குழாய்க்கு எந்த மின்சாரம்?

மலைக்கு மேல் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு போனவர்களை நீங்கள் பார்த்ததுண்டா? போன வாரம் நான் பார்த்தேன். கொல்லிமலையில்.

சுமக்கச் சொன்னவர் என் மைத்துனர். சேந்தமங்கலத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார். ஒரு மைக், ஒரு கிராமபோன், ஊமத்தம்பூ மாதிரி ஒரு பெரிய குழாய் — இவ்வளவுதான் சொத்து. ஆனால் பேச்சைக் கேட்டால் மேட்டூர் அணையே அவர் வீட்டுக் கொல்லையில் இருப்பதாகத் தோன்றும்.

பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு கொண்டுவரும் பெரியசாமி அவரைத் தேடி வந்தார். மலைக்காரர். மகளுக்குக் கல்யாணம்.

“ஏனுங்க, கொழா கட்டுனாத்தான் தாலின்னு மாப்பிள்ளையோட ஆத்தா ஒரே புடியா நிக்கறாங்க. இல்லீன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்களாட்ட இருக்குதுங்க” என்றார். எனக்கும் பாவமாக இருந்தது.

மலையில் மின்சாரம் ஏது? மைத்துனர் ஆராய்ச்சியில் இறங்கினார். பெட்ரோல் எஞ்சினா, பேட்டரியா? எஞ்சின் என்றால் பெட்ரோல் வேண்டும். இந்த யுத்த காலத்தில் கூப்பன் இல்லாமல் பெட்ரோலை முகர்ந்து பார்க்கக்கூட முடியாது. தவிர, எஞ்சின் போடும் சத்தத்தில் புரோகிதரே மந்திரத்தை மறந்துவிடுவார். ஆகவே மோட்டார் கார் பேட்டரி. சத்தமில்லை, புகையில்லை. “எது நல்லதுங்கறது வோல்ட்டு, ஆம்பியர் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும் மச்சான்” என்றார் என்னிடம். இரண்டும் எனக்குத் தெரியாது என்பதில் அவருக்கு அளவில்லாத திருப்தி.

இருப்பதிலேயே பெரிய பேட்டரியைத் தேர்ந்தெடுத்து, சேலத்துக்கு அனுப்பிச் சார்ஜ் செய்து வாங்கினார். பெரிய கல்யாணத்துக்குப் பெரிய பேட்டரி... விஞ்ஞானம்.

அடிவாரத்தில் சுமைதூக்கிகள் காத்திருந்தார்கள். வெள்ளையன் என்பவர் பேட்டரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள என்னமோ தளும்புதுங்களே?” என்று கேட்டார். உள்ளே இருப்பது திராவகம். உண்மையைச் சொன்னால் தூக்க மாட்டார்களே என்று மைத்துனருக்குப் பயம்.

“அட, தண்ணிதானுங்க” என்றார் சிரித்துக்கொண்டே.

மலை ஏறினோம். சுமைதூக்கிகள் எங்களுக்கு வெகுமுன்னால் போய்விட்டார்கள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தத்துக்கு அதிக நேரமில்லை. பலாமரத்தில் குழாயைக் கட்டினார்கள். மைத்துனர் ஒயர்களைப் பொருத்தி, ரிகார்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். கொசு பாடுவது போல் என்னவோ கேட்டது. குழாயில் மூச்சே இல்லை.

பேட்டரியின் மூடியைத் திருகிப் பார்த்தார். உள்ளே பளிங்கு மாதிரி தண்ணீர். வெள்ளையனைக் கூப்பிட்டார்.

“பாதி வழியில கொட்டிட்டனுங்க” என்றார் வெள்ளையன் சாதாரணமாக. “மலைக்கு மேல இல்லாத தண்ணிங்களா? அதைப் போயி எதுக்குக் கீழ இருந்து சுமக்கோணும்? இங்க வந்து நல்ல சுனைத் தண்ணியா ஊத்தியிருக்கறனுங்க.”

அவர் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நல்லவேளை, காயமில்லை. தோள் துண்டுதான் சல்லடையாகியிருந்தது. அது என்ன தண்ணீர் என்று அவரிடம் நான் சொன்னேன். அவர் மைத்துனரை ஒரு பார்வை பார்த்தார். வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தவர் மரத்தடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு அந்தப் பேட்டரித் தண்ணீரையே குடிக்கக் கொடுத்திருப்பேன்.

பெரியசாமி முகத்தில் ஈயாடவில்லை. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் தாயாரிடம் போய் நின்றார்.

“கொழா... பாடாதுங்களாமா” என்றார்.

அந்தம்மாள் எழுந்து பலாமரத்தடிக்கு வந்தார். குழாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு எதிர்ச் சரிவில் தெரிந்த ஒரு கூரை வீட்டைப் பார்த்தார். மணப்பெண் தலை குனிந்தபடியே அழத் தொடங்கியிருந்தாள்.

“அது எங்க ஓர்ப்படியா ஊடு, கொழுந்தனார் பொண்டாட்டி” என்றார் அந்தம்மாள். “எம் மகனுக்குக் கொழா வெச்சுக் கண்ணாலம் பண்ண எனக்குத் துப்பில்லைன்னு ஊரெல்லாம் பேசுனவ. அங்கிருந்து பாத்தா இது தெரியுமுங்களா?”

“அதெல்லாம் நல்லாத் தெரியுமுங்க” என்றார் பெரியசாமி.

“எதுக்கும் இன்னொரு கெளை மேல ஏத்திக் கட்டச் சொல்லுங்க. அழுவாத கண்ணு, வா, நேரமாவுது.”

குழாய் ஒரு கிளை மேலே போனது. தாலி ஏறியது. சாமைச் சோற்றில் எனக்குக் குறையொன்றுமில்லை.

மலைக் கல்யாணத்தில் குழாய் வைக்க எஞ்சின் நல்லதா, பேட்டரி நல்லதா என்று இனி யாரும் என் மைத்துனரைக் கேட்க வேண்டாம். என்னைக் கேளுங்கள். எதிர்ச் சரிவில் ஓர் ஓர்ப்படியா இருந்தால் போதும்.