தொரை குதிரை ஏறின கல்லு

கந்தப்பளை கடைத்தெருவில் இருப்பதிலேயே பழைய கட்டடம் மக்பூல் முதலாளியின் பலசரக்குக் கடைதான். ஒரு காலத்தில் காப்பி மூட்டை அடுக்கிய கிட்டங்கி அது. சீனியை நிறுத்துச் சுருட்டிக் கட்டுவதற்குள் அந்தச் சுவரின் கனம், உத்தரம் வந்த காடு எல்லாவற்றையும் மக்பூல் சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாத கல் இந்த ஊரில் இல்லையாம். அதையும் அவரே சொல்வார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். சாமான் வாங்க வந்த இடத்தில் வேறென்ன செய்வது?

ஐம்பத்தாறில் தேயிலைத் தோட்டத்து ரோட்டை அகலமாக்கியபோது, வளைவில் நின்ற சுமைதாங்கியைச் சாய்த்துப் போட்டார்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருந்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் தயவும் இல்லாமல் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இனிமேல்தான் பஸ் ஓடப்போகிறதே, இது எதற்கு என்று மக்பூல் பலகைக்கல்லைக் கடைக்குத் தூக்கிவரச் செய்தார். வாசலுக்கு ஒரு சாண் நீளம் கூடுதலாக இருந்தது. கொத்தனைக் கொண்டு அதை வெட்டிவிட்டு, படியாகப் பதித்துக்கொண்டார்.

படி என்றால் அதற்கும் ஒரு சரித்திரம் வேண்டாமா? "காப்பிக் காலத்துத் தொரை குதிரை ஏறின கல்லு" என்று ஒருநாள் வாயில் வந்துவிட்டது. சொல்லச் சொல்லக் குதிரைக்கு நிறம் வந்தது, தொரைக்கு மீசை முளைத்தது. தோட்டத்துப் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்து அந்தப் படியைத் தாண்டியே கடைக்குள் ஏறினார்கள். தொரைமேல் அவ்வளவு பயம் என்று மக்பூல் பூரித்துப்போனார்.

செல்லசாமி ஏறவே இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல்லயத்தில் இருந்து வாராவாரம் சாமானுக்கு வருகிற ஆள். கல் வந்த பிறகு ரோட்டில் நின்றபடியேதான் வாங்கிப்போனார். கேட்டால் காலில் சேறு என்பார். ஒரு மழைநாள், கடை நிறையக் கடைத்தெருக்காரர்கள். மக்பூலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னா செல்லசாமி, செத்துப்போன தொரைக்கு இன்னும் பயமா? நல்லா ஏறி மிதிச்சு வா!"

கடையே சிரித்தது. செல்லசாமியும் கம்பளியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். "இருக்கட்டுங்க மொதலாளி" என்று நனைந்துகொண்டே போனார்.

கடை ஓய்ந்ததும் மனைவி அசீசா உள்ளேயிருந்து வந்தாள். முகம் சரியில்லை.

"லயத்துப் பொம்பளையள் இப்பதான் சொல்லிட்டுப் போறாங்க. அந்த ஆளுட பொஞ்சாதி வீரம்மா, வயித்துப் புள்ளயோடயே மௌத்தாப் போனவளாம். சுமைய எறக்காமப் போனவளுக்குத்தான் அவங்க சுமைதாங்கி வைப்பாங்களாம். அந்தக் கல்லு அவளுக்கு வச்சது. அதையா மிதிச்சு வரச் சொன்னீங்க?"

மக்பூலுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊர்ச் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவன் போலப் பீற்றிக்கொண்டு, ஒருவன் பெண்டாட்டியின் கல்லைக் காலடியில் போட்டு, இல்லாத குதிரையையும் அதன்மேல் ஏற்றியாயிற்று. கூட்டத்தைச் சிரிக்கவும் வைத்தாயிற்று. வாசலால் போக வெட்கப்பட்டுப் பின்கதவால் பள்ளிவாசலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பெயர்த்துக் கைவண்டியில் ஏற்றி, லயத்துக்குப் போய்ச் செல்லசாமியைக் கூட்டிக்கொண்டு வளைவுக்கு வந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல்ல நீங்க?"

"எல்லாருகிட்டயும் அம்புட்டு ஆசையா கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல பூந்து எப்படிங்க சொல்றது?"

அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மக்பூலுக்கு.

மழைத்தண்ணீர் ஓடும் கானில் கிடந்த இரண்டு கல்லையும் புரட்டி, முன்பிருந்த இடைவெளி விட்டு ரோட்டோரமாக நட்டார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பலகைக்கல்லைத் தூக்கினார்கள். ஒருமுனை உட்கார்ந்தது. மறுமுனை எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது.

அந்தத் துண்டைக் கொத்தன் உடைத்துக் கடைவாசல் சேற்றில் கொட்டியது மக்பூலுக்கு நினைவு வந்தது. "அது... நான்தான்..." என்றார். குனிந்துகொண்டார்.

செல்லசாமி வெட்டுப்பட்ட விளிம்பைக் கையால் ஒருதரம் தடவினார். பிறகு அலவாங்கை எடுத்து, நட்ட கல்லில் ஒன்றைத் தோண்டி, ஒரு சாண் கிட்டே நகர்த்தி வைத்தார்.

"பரவாயில்லங்க மொதலாளி. அவளும் சின்ன உருவந்தான்."