வேன் அக்காவும் ஒரு கனத்த பையும்

பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. அவர்களைப் பெற்றவர்களுக்கும் வேன் அக்காதான். வேனை ஓட்டுவது அவளுடைய உடன்பிறந்த தம்பி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, சீட்டுச் சண்டையைத் தீர்த்து, கழன்று போன ஷூவைத் தேடி மாட்டிவிடுவது அவள் வேலை.

பிறவியிலேயே பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுகிற ஆள். "பயப்பட ஒண்ணும் இல்லைன்னா, ஏன் இல்லைன்னு அதுக்கும் பயப்படுவ நீ" என்று தம்பி கிண்டல் செய்வான். ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் அத்தனை வீட்டிலும் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளி வாசலில் வேன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வாட்ச்மேன் விசிலை ஊதி, "எடு, எடு" என்று கையை வீசிக்கொண்டிருந்தார். கடைசியாக இறங்க வேண்டியவள் குருவி. இரண்டாம் வகுப்பு. ஆள் அத்தனை சிறியவள் என்பதால் அந்தப் பெயர். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பைக்குக் கால் முளைத்து நடப்பதுபோல இருக்கும்.

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போன ஒருவனைக் கூப்பிட்டு, அதைக் கொடுக்க வேன் அக்கா இரண்டு எட்டு நகர்ந்தாள். அந்த நேரத்தில் குருவி ஈரப் படியில் கால் வைத்தாள். கால் வழுக்கியது. முதுகுப் பை அவளைப் பக்கவாட்டில் இழுத்துத் தரையில் மல்லாத்தியது. படியில் யாரும் இல்லையென்று கண்ணாடியில் பார்த்த தம்பி, வாட்ச்மேன் விரட்டியதால் வண்டியைக் கொஞ்சம் முன்னே எடுத்தான்.

வேன் அக்கா திரும்பினாள். படி காலி. வாசல் பக்கமும் குருவியைக் காணோம். "நிறுத்துடா! டேய், நிறுத்துடா!" என்று இரண்டு கையாலும் வேனை அறைந்தாள்.

வண்டி குலுங்கி நின்றது. பின்சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். குருவி மல்லாத்திப் போட்ட ஆமைபோலக் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கிடந்தாள். பட்டைகள் தோளை இறுக்கியிருந்ததால் அவளால் எழவும் முடியவில்லை, பையைக் கழற்றவும் முடியவில்லை. வேன் அக்கா வாரித் தூக்கி உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

பிள்ளை முதலில் கேட்டது இதைத்தான்: "புக்கெல்லாம் நனைஞ்சிடுச்சா? மிஸ் திட்டுவாங்களா?"

பையைத் தூக்கிய வேன் அக்காவின் கை கீழே இறங்கியது. "கல்லு கில்லு வெச்சிருக்கியாடி?"

"எல்லா புக்கும் இருக்கு. ஒரு நாள் கணக்கு புக்கு எடுத்துட்டு வரலை. கதவுகிட்ட நிக்க வெச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதான் இப்ப எல்லாத்தையும் கொண்டு வரேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க அக்கா."

தம்பி முகம் வெளுத்துப் போயிருந்தான். குருவி உள்ளே போனதும் வண்டியைத் திருப்பினான். பாதி வழி போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. அடி ஒண்ணும் படலை. தெரிஞ்சா நாளைக்கே நம்ம வண்டியை நிறுத்திடுவாங்க."

அவள் மூச்சு விடவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சக்கரம் வந்து நின்றது. மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையையும் பையோடு இறங்க விடவில்லை. எல்லாப் பைகளையும் தானே வாங்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, அப்புறம்தான் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனை அலறவிட்டன. "என்னம்மா இது, மூட்டை இறக்கற லாரியா?" என்று வாட்ச்மேன் எரிந்து விழுந்தார். தம்பி பல்லைக் கடித்தான். அவள் யாருக்கும் அசையவில்லை.

தோள் இரண்டும் கல்லாக இறுகின. அவள் கணவர் தையற்காரர். சட்டை அளவெடுக்கிறவர்போலத் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்படி என்னத்தைத்தான் தூக்கற?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க படிப்பைத் தூக்கறேன்."

"அப்ப நீ எப்பவோ பாஸாகியிருக்கணுமே!"

சிரிக்க வாயெடுத்தவள் அழுதுவிட்டாள். நடந்ததெல்லாம் கொட்டினாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லிடு. நீ பக்கத்துல இருந்ததால தப்பிச்சுது. மாடிப்படியில விழுந்தா யாரு கத்துவா?"

அன்று சாயங்காலம் குருவியை வீட்டில் விடும்போது, பிள்ளை விழுந்ததையும் பை ஏன் அத்தனை கனம் என்பதையும் வாசலில் நின்றபடியே சொன்னாள். அந்த அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். சட்டென்று பிள்ளையைத் திருப்பி, சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோளில் பட்டை அழுத்திய தடம் இரண்டு கோடாகச் சிவந்திருந்தது.

"இத்தனை நாள் எப்படிங்க மறைச்சீங்க? உங்களை நம்பித்தானே அனுப்பினேன்!"

வேன் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அந்த அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள். தலைமையாசிரியை வேன் அக்காவையும் தம்பியையும் உள்ளே கூப்பிட்டார். தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வேன்ல ஒழுங்கா இறக்கி விடலை. அதுக்கு புக்கு என்ன பண்ணும்?" என்றார் தலைமையாசிரியை.

வண்டி போயிற்று என்றே வேன் அக்கா நினைத்தாள். ஆனால் அந்த அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு மேடம். அவங்க ஒத்துக்கிட்டாங்க. எம்பொண்ணு பயந்துகிட்டு எல்லா புக்கையும் சுமக்கிறா. நீங்களும் ஒத்துக்கங்க."

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், மூன்றாம் வகுப்பு வரைக்கும் புத்தகங்கள் வகுப்பு அலமாரியிலேயே இருக்கட்டும், வீட்டுப்பாட நோட்டு மட்டும் போய் வரட்டும் என்றார். பெரிய வகுப்புகளுக்கு முடியாது என்று கையை விரித்துவிட்டார். தம்பிக்குக் கடுமையான எச்சரிக்கை. வண்டி தப்பியது. அவன் அக்காவிடம் பல நாள் பேசவில்லை. ஆனால் யாரும் கேட்காமலே, படிக்குக் கீழே தரையும் தெரிகிறமாதிரி ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி மாட்டினான்.

சின்னப் பிள்ளைகளின் பைகள் காற்றுப்போலாயின. குருவியின் பை மட்டும் அப்படியே கனத்தது. வேன் அக்கா திறந்து பார்த்தாள். எல்லாப் புத்தகமும் உள்ளே.

"அலமாரியில வைக்கச் சொன்னாங்களேடி?"

"திடீர்னு கேட்டுட்டா?"

வேன் அக்கா நேரே போய் வகுப்பு மிஸ்ஸைக் கூட்டி வந்தாள். களைத்த முகமுள்ள அந்த இளம் பெண், வேன் படியருகே பிள்ளை உயரத்துக்குக் குந்தினாள்.

"நான்தானே உன்னை நிக்க வெச்சேன்? இனிமே புக்குக்காக யாரையும் நிக்க வைக்க மாட்டேன். நிஜமா."

குருவி தலையாட்டினாள். நம்பினதாகத் தெரியவில்லை. மறுநாள் பையில் ஒரு புத்தகம் குறைந்திருந்தது. சில நாள் கழித்து இன்னொன்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. பை இளைக்க இளைக்கப் பிள்ளை நிமிர்ந்து நடந்தாள்.

வெயில் காலத்தில் ஒரு நாள், வேன் அக்கா கையை நீட்டுவதற்குள் குருவி கடைசிப் படியிலிருந்து தொப்பென்று குதித்து வாசலை நோக்கி ஓடினாள். வேன் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "ஏய், மெதுவா போடி!" என்று கத்தினாள். அதற்குள் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் பையோடு படியில் வந்து நின்றான். அவள் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.