டிரைவர் அண்ணனுக்கு நான் வாயால் சொன்ன ரிப்போர்ட்

டிரைவர் அண்ணனின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை மிஷினில் சுழற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் ரத்தம் படிந்து, மேலே நீர் தெளிவாக, இளமஞ்சளாக நின்றது. "பாருங்கண்ணா, எவ்ளோ சுத்தமா இருக்குது!" என்று அவரிடம் நானேதான் காட்டினேன். அந்தக் கையை உடைத்துப் போட்டிருக்க வேண்டும்.

அவர் கல்வராயன் மலை ஆஸ்பத்திரியின் ஜீப் டிரைவர். வியாழக்கிழமைதோறும் கரியாலூர்ப் பக்கத்து ஜனங்களின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் லேபுக்குக் கொண்டுவருவார். அவருடைய அப்பாவும் இரண்டு அண்ணன்களும் நாற்பதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அவருக்கு அப்போது முப்பத்தொன்பது. அதனால்தான் டாக்டர் வழக்கமான கொலஸ்ட்ரால் சோதனையோடு, கொழுப்பைச் சுமந்து திரியும் துகள்களை எண்ணுகிற சோதனையையும் எழுதினார். அது சென்னைக்குப் போய் வரப் பத்து நாள் ஆகும். அதுவரை போட்டுக்கொள்ள மாத்திரையும் கொடுத்திருந்தார்.

கொழுப்பு அளவோடு இருந்தாலும் துகள் அதிகமானால் அடைப்பு வரும் என்று விளக்கினேன். "லோடு கம்மி, வண்டி ஜாஸ்தி. கொண்டை ஊசி வளைவுல எல்லாம் மாட்டிக்கினா அவ்ளோதான், இல்ல?" என்றார். என்னைவிட நன்றாகவே புரிந்துகொண்டார் மனுஷன்.

அன்று மத்தியானம் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் அளவுக்குள். "இன்னாமா, பொழச்சிக்குவனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. மலையிலிருந்து வெறும் வயிற்றோடு இறங்கி வருகிறவர்கள் தாளைப் பார்க்க மாட்டார்கள், எங்கள் வாயைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் "நார்மல்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவோம். அவரிடமும் அதையே சொன்னேன். சென்னை ரிப்போர்ட் பாக்கி இருக்கிறது என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லையே, பாவி.

சென்னைத் தாள் ஒரு சனிக்கிழமை வந்தது. துகள் எண்ணிக்கை எல்லையை எங்கேயோ தாண்டியிருந்தது. வியாழன் வருவாரே என்று எடுத்து வைத்தேன். மலையில் போன் கிடைக்காது என்பதெல்லாம் சாக்கு. கரியாலூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். வியாழக்கிழமை ஐஸ் பெட்டியோடு வேறொருவர் வந்தார். "அண்ணன் செவ்வாக்கெழமயே போய்ட்டாருங்க. வண்டி கழுவிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி லேபுக்கு வந்தார். "ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்ன அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டாருங்க. அதுக்கப்புறம்தான் பயம் இல்லாம தூங்குனாரு" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "எம் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் வராது இல்லீங்க? அவரு ரத்தந்தான் சுத்தமா இருந்துதே" என்றார்.

ஐயோ, அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் கடைசிவரை வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். தாளை எடுத்து நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நார்மல் இல்ல அண்ணி. நான் முழுசா சொல்லல. பொண்ணுங்களுக்கும் பாத்துடணும்" என்றேன். பிடித்திருந்த கைகளை விட்டுவிட்டார்.

இரண்டு பெண்களும் வருஷம் தவறாமல் சோதனைக்கு வருகிறார்கள். என்னிடம் ரத்தம் கொடுப்பதில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும், அடுத்த மேசை வரிசையில் போய் நிற்கிறார்கள்.