எங்கள் தெருச்சுவரில் ஒரு தொகுதி

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலையை அவளே முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் கூட வேலை பார்க்கிற பையன், சொந்த ஊர் கம்பம். எங்களுக்கு மிச்சமிருந்தது, இரண்டு வீட்டாரும் சந்தித்து “எங்களுக்கும் பிடிச்சிருக்கு” என்று சொல்வது மட்டும்தான். அதைக்கூட ஒரு மனிதனால் கெடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் என்னை அறியாதவர்கள்.

முதலில் நாங்கள் கம்பத்துக்குப் போனோம். பையனின் அப்பா திராட்சைத் தோட்டக்காரர். மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே கட்சி. அது, எங்கள் அப்பா ஆயுசு முழுக்க இருந்த கட்சிக்கு நேர் எதிர்க்கட்சி. பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். நாலு மாதமாக ஊரில் எந்தப் பேச்சும் எங்கே போய் நின்றதோ அங்கேயே, தேர்தலில், எங்கள் பேச்சும் போய் நின்றது.

“எதிர்க்கட்சி வீட்ல சம்பந்தம் பண்றதுல எனக்கு ஒண்ணுமில்ல சார்,” என்றார். “மோதுறவக மோதட்டும், அது ஒரு அழகு. அங்கிட்டு ஒரு காலு இங்கிட்டு ஒரு காலுன்னு நிக்கிறாகல்ல, அவுக வாசல மட்டும் நான் மிதிக்க மாட்டேன்.”

நான் பேசாமல் காபியைக் குடித்திருக்கலாம்.

“எங்க வீட்டுச் சுவர் இன்னிக்கு வரைக்கும் ஒரே சின்னத்தைத்தான் சார் பாத்திருக்கு,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க! ஞாயித்துக்கிழமை வாரோம். அந்தச் சுவரையும் பாத்துருவோம்.”

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள்: “அவர் சுவரைப் பத்திக் கேட்டாராப்பா?”

கேட்கவில்லைதான். ஆனால் பழனிசெட்டிபட்டியில் எங்கள் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. சாலை வளைகிற இடத்தில் நிற்பதால் தேனியிலிருந்து கம்பம் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அதன் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பும். சுவரில் எழுதக் கூடாது என்ற கெடுபிடியெல்லாம் வருவதற்கு முன், தேர்தல் வாசனை அடித்ததுமே கட்சிக்காரர்கள் இந்த மாதிரிச் சுவர்களைத் தேடி வருவார்கள். எங்கள் சுவருக்கு மட்டும் போட்டி கிடையாது. அது அப்பாவின் கட்சிக்கு என்று ஊருக்கே தெரியும். அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மாதத்தில் ஓரிரு முறை ஜீப்பில் இறங்கி வருவார், சுவரை ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம்தான் எங்களைப் பார்ப்பார். சின்னங்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எதைச் சொன்னாலும் வாசகர்களில் பாதிப் பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு இந்தத் தொகுதியின் வரலாறு ஒரு பைத்தியம். எந்தத் தேர்தலில் யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் எங்கிருந்து வந்து நின்றார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பிக் கேட்கத்தான் ஆள் இல்லை.

வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள் என்றதும் மனைவி பெயிண்டருக்குச் சொல்லிவிட்டாள். அவர் தட்டிப் பார்த்து, பழைய பூச்செல்லாம் பொக்கு விட்டு உப்பியிருக்கிறது, சுரண்டி எடுத்தால்தான் புதுசு நிற்கும் என்றார். சுரண்டத் தொடங்கினார். மஞ்சள் பெயிண்டுக்குக் கீழே எங்கள் சின்னம் தெரிந்தது. பக்கத்தில் ‘தேனி பாராளுமன்றத் தொகுதி’ என்று எழுத்து. அதற்கும் கீழே இன்னொரு பூச்சில் மறுபடி எங்கள் சின்னம். ஆனால் எழுத்து ‘பெரியகுளம் பாராளுமன்றத் தொகுதி’.

எனக்குக் கை துறுதுறுத்தது. எல்லையை மாற்றி வரைந்து, பெரியகுளத்தைத் தேனி என்று பெயர் மாற்றிய கதையைக் காகிதத்தில் எத்தனையோ முறை படித்தவன், அதை ஒரு சுண்ணாம்புப் பொருக்கின் இரண்டு பக்கமாகப் பார்த்தது அன்றுதான். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியும் சோழவந்தானும்கூட இப்போது நம் தொகுதிதான். ஆனாலும் நாங்கள் கணிப்பு சொல்லும்போது ஆண்டிபட்டிக் கணவாயோடு உலகம் முடிந்துவிட்டதாகவே சொல்வோம், தவறாமல் தோற்போம். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே பெயிண்டரின் கையிலிருந்து சுரண்டும் தகட்டை வாங்கிவிட்டேன். அவர் நிழலில் உட்கார்ந்து டீ சொன்னார்.

மதியத்துக்குள் நான் ஆழத்துக்குப் போய்விட்டேன். எங்கள் சின்னம், அதன் கீழே எங்கள் சின்னம், அதன் கீழே…

அவர்கள் சின்னம்.

மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். “என்னங்க இது?”

“கூட்டணியா இருக்கும்,” என்றேன். இந்த ஊரில் அந்த ஒரு சொல்லால் விளக்க முடியாத விஷயம் கிடையாது. கூட்டணி என்றால் நேற்று வரை திட்டிய சின்னத்தை நம் ஆட்களே வந்து வரைந்துவிட்டுப் போவார்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் வேட்பாளர் பெயரில் பாதி வந்தது. பாதியே எனக்குப் போதும். அந்தத் தேர்தலில் இரண்டு கட்சியும் நேருக்கு நேர் நின்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்த அறிவு முதல் முறையாகப் பயன்பட்டது, அதுவும் எனக்கெதிராக.

அந்தப் பூச்சின்மேல் பழுப்பாகச் சாய்வான கறைகள் இருந்தன. கோடு கோடாக, நெருக்கமாக. பார்த்துக்கொண்டே நின்றேன். தென்னங்கீற்று!

நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, அப்பா மலையிலிருந்து இறங்கிய ஒரு நாள், வண்டி நிறைய முடைந்த கீற்று வாங்கி வந்து தெருச்சுவரை மறைத்துச் சாத்தி வைத்தார். எங்கள் வீடு ஓட்டு வீடு. மாட்டுக்கொட்டகைகூடக் கிடையாது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனிக்காத வயது எனக்கு. கீற்று எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். தேர்தல் முடிந்து, ஒரு கோடை மழையிலும் நனைந்து, அப்புறம்தான் கீற்று போனது. எனக்கு ஐம்பது வயது தாண்டியும் தீராத புதிர் அது. அப்பா எதை மறைத்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் எதிர்க்கட்சிக்கு எழுதக் கொடுத்தது யார்?

“ஆராய்ச்சி போதும்,” என்றாள் மனைவி. “நாளைக்கு அவுக வாராக.”

பெயிண்டர் வானத்தைப் பார்த்தார். ஆனி மாதச் சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. ஈரச் சுவரில் எதுவும் நிற்காது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியதும் சுவரைத்தான் பார்த்தாள். “இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா காரணம் ஜாதகமில்ல, தொல்லியல்னு சொல்லிக்கிறேன்,” என்றாள். சிரிக்கவில்லை.

அப்பா செய்ததையே நானும் செய்தேன். கீற்றுக்கு எங்கே போவது? முக்குக் கடைக்காரரிடம் மூட்டை மூடும் பெரிய பிளெக்ஸ் ஒன்றை வாங்கி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி ஆணியடித்துக் கட்டினேன்.

ஞாயிறு காலை சின்னமனூரிலிருந்து அக்கா வந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். அவரோடு பேசி முடிப்பதற்குள் கம்பத்துக் கார் வந்து நின்றது. பையனின் அப்பா இறங்கியதும் என்னை வணங்கினார், அடுத்து சுவரைத் தேடினார்.

“வேலை நடக்குது சார். உள்ள வாங்க,” என்றேன்.

பள்ளத்தாக்கின் ஆனிக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கணவாயில் புகுந்தால் கேட்டுக்கொண்டு வராது. பிளெக்ஸ் ஒரு முனையில் பிய்ந்து படபடவென்று திரும்பி, ஒரு கணம் அதன் மறுபக்கத்துப் படத்திலிருந்து மூன்றாவதாக ஒரு கட்சியின் வேட்பாளர் கைகூப்பி எல்லோரையும் வரவேற்றார். பிறகு முழுசாகப் பறந்து வாழைமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. சுவர் நின்றது. மேலே எங்கள் சின்னம், நடுவில், நான் ஒரு நாள் முழுக்கப் பொறுமையாகச் சுரண்டி வெளிக்கொணர்ந்த அவர்கள் சின்னம்.

பையனின் அப்பா சுவரின் பக்கத்தில் போய் வேட்பாளர் பெயரைப் படித்தார். என்னைப் போலவே அவருக்கும் பாதி போதும் என்பது முகத்தில் தெரிந்தது.

“இது எங்காளு. அன்னைக்கி நேரடிப் போட்டில்ல சார்?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ‘கூட்டணி’ என்ற சொல் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“அடே, இது இன்னுமா இருக்கு! நான்தேன் எழுதச் சொன்னேன்.”

“நீயா?” என்றேன்.

“பெறகு? என்னியப் பொண்ணு பாக்க வாராகன்னு ஆகிப்போச்சு. அப்பா தோட்டத்துல. சுவரெல்லாம் கரும்பாசி. நம்ம கட்சிக்காரக என்னிக்கிடா வெள்ளையடிச்சாக? நம்ம வீடுதானன்னு அழுக்கு மேலயே எழுதிட்டுப் போயிருவாக. இவுக கட்சிக்காரக வந்து கேட்டாக. உள்ளயும் சேத்து வெள்ளையடிச்சுத் தாரதா இருந்தா எழுதிக்கங்கன்னேன்.”

முதலமைச்சர்களையே அனுப்பிவைத்த பக்கம் என்று நான் போகிற இடமெல்லாம் பெருமை பேசுகிற ஊர் இது. ஓட்டு நிச்சயமான வீட்டுக்கு யாரும் சுண்ணாம்பு கலக்குவதில்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

கம்பத்துக்காரர் அக்காவையே பார்த்தார். “அப்ப ஓட்டு யாருக்குங்க போட்டீக?”

“எனக்கேது ஓட்டு? அப்பல்லாம் இருவத்தொண்ணு ஆகணும்ல. அப்பா ஓட்டு எப்பவும்போல நம்ம சின்னத்துக்குத்தேன். வந்து பாத்தாக, என்னிய ஒரு வார்த்த சொல்லல. கீத்து வாங்கிச் சாத்திட்டாக.”

“உள்ளயும் நெசமாவே அடிச்சாகளா?”

“அடுப்படி வரைக்கும். ரெண்டு பூச்சு. அந்த வெள்ளையிலதேன் என் கல்யாணமே நடந்துச்சு.”

அவர் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கியபோது இருமுகிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்காளுக சொன்னதச் செஞ்ச ஒரே எலெக்சன் இதாத்தான் இருக்கும்,” என்று கண்ணைத் துடைத்தார். “அங்கிட்டு இங்கிட்டு கால் வைக்கல, சுவரத்தான் வெள்ளையாக்கிருக்காக. இது அதுல சேத்தியில்ல.” பிறகு என் தோளில் கையைப் போட்டார். “கல்யாணத்துக்கு முன்னாடி இந்தச் சுவருக்கு நாங்களே வெள்ளையடிச்சுத் தாரோம், சம்பந்தி.”

கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்ற மகள் மூச்சை விட்டது வாசல் வரை கேட்டது. நான் நன்றி சொல்வதற்குச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“உள்ளயும் சேத்துத்தான?” என்றார் அக்கா.