மூன்று புட்டி இருமல் மருந்து

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் நான் மருத்துவ உதவியாளர். சளி, இருமல் மாதிரியானவற்றுக்கு நானே மருந்து எழுதலாம். வயதானவர்கள் இன்னும் அந்தக் காலத்துப் பெயரில் 'டிரெஸ்ஸர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிலர் டாக்டர் என்பார்கள். நான் திருத்துவதில்லை.

சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவருக்கு எங்கள் டாக்டர் இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை ஒன்றைத் தொடங்கினார். அடுத்த மாதம் அவர் இருமிக்கொண்டே வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. ஒரு புட்டி இருமல் மருந்து எழுதினேன். மறுமாதம் வேறு நிறத்தில் ஒன்று. அதற்கடுத்து, தூக்கம் வரவைக்கும் ரகம். ஒவ்வொரு முறையும் அழுத்த மாத்திரையையும் மறக்காமல் நீட்டித்தேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

நான்காம் முறை அவருடைய மனைவியும் வந்துவிட்டார்.

"தம்பி, உங்க மருந்தக் குடிச்சிட்டு இவரு கல்லாவுலயே தூங்குறாரு. முழிச்சா இருமுறாரு. மீன்கறிச் சட்டி பக்கத்துல நின்னு இருமுனா எவன் சாப்பிடுவான்?"

"எப்பலேருந்துக்கா இந்த இருமல்?"

"அந்தப் புது மாத்திரை குடுத்தீங்கல்ல, அப்பலேருந்துதான். நான் மொதல்லயே சொன்னேன். 'டிரெஸ்ஸருக்குத் தெரியாதா லா'ன்னு என்னையே ஏசுனாரு."

டிரெஸ்ஸருக்குத் தெரியும். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன். எப்போது ஆரம்பித்தது என்ற ஒரு கேள்வியைத்தான் மூன்று மாதமாகக் கேட்கவில்லை.

கோப்பைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பக்கத்தைப் புரட்டி, "மூணு பாட்டிலா?" என்றார். மாத்திரையை நிறுத்தி, வேறு வகைக்கு மாற்றினார்.

திரும்பி வந்து, "மாத்திரையாலதான் இருமல். நான் முன்னாடியே கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுண்ணே," என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மனைவி பரவாயில்லை என்று சொல்லவே இல்லை.

இருமல் அடங்கச் சில வாரம் பிடித்தது. அடுத்த முறை மனைவியோடு வந்தபோது அழுத்தமும் கட்டுக்குள் இருந்தது. முட்டிவலிக்கு ஏதாவது எழுதச் சொன்னார். பேனாவை எடுத்தவன் கீழே வைத்தேன்.

"அண்ணே, இப்ப வீட்டுல என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க? கடையில வாங்குனதையும் சேத்து சொல்லுங்க."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பத்தான் கேக்குறாரு," என்றார்.